நிழலுக்கு மீட்டர் கிடையாது

“அஞ்சு யூனிட் எங்க போச்சு? அதை மட்டும் சொல்லு.”

“எந்த அஞ்சு யூனிட்?”

“பேனல் இன்னைக்குப் பதிமூணு குடுத்திருக்கு. அது இங்கே என் போன்லயே தெரியுது. வெளியே போனது எட்டு. அது நீ அனுப்பின போட்டோவுல தெரியுது. நடுவுல அஞ்சைக் காணோம். காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா?”

“ஃப்ரிட்ஜ் ஓடுதே.”

“ஃப்ரிட்ஜ் பகல் பூரா ஓடினாலும் ஒண்ணுக்கு மேல தின்னாது. அப்புறம்?”

“காலையில மோட்டார் போட்டேன்.”

“மோட்டாருக்கு நாலு யூனிட்டா? தாம்பரம் முழுக்க தண்ணி ஏத்துனியா ஜெரூ?”

ஜெரூஷா மாடம்பாக்கத்து வீட்டின் போர்ட்டிகோவில், மீட்டர் பெட்டியின் எதிரில், தோளில் ஆபீஸ் பையோடு நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. மீட்டரின் சின்னத் திரையில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. தேதி, நேரம், உள்ளே வந்த கரண்ட், வெளியே போன கரண்ட், மறுபடி தேதி. யாருக்கும் பயப்படாமல், யாரையும் காப்பாற்றாமல், தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தது அது.

“காலையில எட்டரைக்குப் பூட்டிட்டுப் போற. ஆறரைக்குத் திறக்கிற. பூட்டின வீட்டுல யாரு ஏசி போட்டுப் படுத்திருக்கா?”

“யாரும் இல்லை, எபி.”

“சரி. நாளைக்குப் பார்ப்போம்” என்றான் அவள் கணவன். தோஹாவில் அவன் அறையின் ஏசி இரையும் சத்தம் போனில் கேட்டது. அவன் அதைப் பதினெட்டில் வைத்துப் போர்வைக்குள் இருப்பான். கம்பெனி கரண்ட்.

போன மழைக்காலம் முடிந்ததும் விடுப்பில் வந்து மொட்டை மாடியில் சோலார் பேனல் மாட்டிவிட்டுப் போயிருந்தான் எபி. முதலில் தினம் ஒரு போட்டோ கேட்டதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. மாட்டிக் கொடுத்தவன் சொன்ன கணக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டாமா? வீடு செலவழித்ததுபோக மிஞ்சுவது தெரு மின்கம்பத்துக்குப் போகும். போனதை பில்லில் கழித்துக்கொள்வார்கள். அந்த எண் ஏற ஏற எபிக்குப் பெருமை. “நாம கவர்மெண்டுக்குக் கரண்ட் விக்கிற ஆளுங்க” என்று குடும்ப குரூப்பில் எழுதினான். பிறகு ஒரு நாள் அந்த இரண்டு எண்களைக் கழித்தால் வேறொன்று கிடைக்கிறது என்று கண்டுபிடித்தான். தான் இல்லாத வீட்டில் பகலில் என்ன நடக்கிறது என்பது கிடைத்தது. அன்றிலிருந்து அவனுக்கு வெளியே போனதைவிட நடுவில் காணாமல் போனதில்தான் ருசி.

காணாமல் போன அந்த ஐந்து யூனிட்டின் பெயர் ரோஸி. ஜெரூஷாவின் அம்மா.

ரோஸி நர்சரி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சேலையூரில் ஒரு வீட்டின் மாடியில், தகர ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தாள். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் அந்த அறையின் தாழ்ப்பாளைத் திறக்க முந்தானையைச் சுற்றிக்கொள்ள வேண்டும். அவளுக்கு ஏற்கெனவே வீசிங். மார்பில் யாரோ பழைய கதவைத் திறந்து மூடுவதுபோல ஒரு சத்தம் எப்போதும் உண்டு. போன வருஷம் இதே வெயிலில் மயங்கி விழுந்து, கீழ்வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் மருந்து எழுதிவிட்டு, “பகல்ல அந்த ரூம்ல இருக்கவே கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது” என்று சொன்னார்.

ஆனால் எபியின் சட்டம் வேறு. மாதத்தில் முதல் ஞாயிறு, சர்ச்சில் திருவிருந்து ஆராதனை முடிந்ததும் அத்தை வரலாம். சாப்பிடலாம். டீக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். “எங்க சித்தி வீட்டுக்கு இப்படித்தான் ஒரு அம்மா ரெண்டு நாள் தங்குறேன்னு வந்தாங்க. பெட்டியில வெச்சுதான் வெளியே எடுத்தோம்” என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ஜெரூஷாவும் கூடச் சிரித்தாள். கல்யாணமான புதிது.

இந்த வருஷம் கத்திரி பிறந்த அன்று காலையில் மாற்றுச் சாவியை அம்மாவின் கையில் வைத்து மூடினாள். “நான் போனப்புறம் வா. நான் வர்றதுக்குள்ள போயிடு. ஏசியை நல்லா போட்டுக்கோம்மா. இருபத்தி நாலுல வை.” ரோஸி திருடியைப்போல வந்துபோனாள். தன் தண்ணீர் பாட்டிலைத் தானே கொண்டுவந்தாள். படுத்த தலையணையைத் தட்டி, பழையபடி சாய்த்து வைத்தாள். ஒரு நாள் ஜெரூஷா தலைவலி என்று பாதியில் திரும்பியபோது, குளிர்ந்த அறையில் அம்மா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மார்புக்குள் அந்தக் கதவுச் சத்தம் இல்லை. ஜெரூஷா வாசல்படியிலேயே உட்கார்ந்து அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாடிமேல் விழும் வெயில் கம்பி வழியாக இறங்கி, அம்மாவின் நெற்றியில் குளிர்ச்சியாக வந்து உட்கார்கிறது என்று நினைக்க அவளுக்கு அதிசயமாக இருந்தது. அம்மா எல்லாத் தடயத்தையும் துடைத்துவிட்டுத்தான் போனாள். மீட்டரைத் துடைக்க அவளுக்குத் தெரியாது. மகளுக்கும் அது தோன்றவில்லை.

அஞ்சு யூனிட் பேச்சு வந்த மறுநாள் காலையில் அம்மாவுக்கு போன் செய்தாள். “இன்னைக்கு ஏசி வேணாம்மா. ஃபேன் மட்டும்.”

“ஃபேனே ஜாஸ்திமா” என்றாள் ரோஸி. ஏன் என்று கேட்கவில்லை.

அன்று மாலை போட்டோ போன கொஞ்ச நேரத்தில் எபி கூப்பிட்டான்.

“நேத்து அஞ்சு. இன்னைக்கு ஒண்ணரை.”

“பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல, நேத்து என்னமோ...”

“நான் கேட்டேன், உடனே கொறைஞ்சிருச்சு. உன் ஃப்ரிட்ஜுக்குக் காது முளைச்சிருக்கா ஜெரூ?”

குறைத்ததால்தான் மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நேற்று போலவே இன்றும் ஐந்தைத் தின்னவிட்டிருந்தால் மீட்டரில் கோளாறு என்றாவது சொல்லியிருக்கலாம்.

“நான் கோவப்படலை” என்றான் எபி. அவன் குரலில் உண்மையாகவே கோபம் இல்லை. எலி உள்ளே போனதைப் பார்த்துவிட்டுப் பொறியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுடைய நிதானம் இருந்தது. “ஒரே ஒரு கேள்வி. ஆம்பளையா, பொம்பளையா?”

“என்ன பேசறீங்க!”

“ஆம்பளைன்னா நான் அடுத்த ஃபிளைட்ல வரேன். பொம்பளைன்னா பேர் சொல்லு. ரெண்டும் இல்லைன்னா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு நீ நாசரேத்துல எங்கம்மாகூட போய் இரு. அங்கே கேக்காமலே சொல்றதுக்கு நாலு பேர் இருக்காங்க.”

“அம்மா” என்றாள் ஜெரூஷா.

எபி சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தான்.

“அத்தையா! அடச்சே. நான் என்னென்னவோ கற்பனை பண்ணி நேத்து தூங்கவே இல்லை. அத்தைன்னா முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? வரட்டும். தினமும் வரட்டும். நான் என்ன மனுஷன் இல்லையா?”

“நிஜமாவா எபி?”

“கான்கிரீட் கூரை. அது மேல பேனல் வேற மறைச்சுக்கிட்டு நிக்குது. எவ்வளவு நிழல்! அந்த ஷீட்டு ரூமுக்கு இது ஊட்டி மாதிரி. நிழலுக்கு மீட்டர் கிடையாது. எவ்வளவு வேணா எடுத்துக்கட்டும்.”

“ஃபேன்?”

“பார்த்தியா. இதைத்தான் சொன்னேன். இடம் குடுத்தா ஃபேன். ஃபேன் குடுத்தா ஏசி. நிழல்னா நிழல்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கனிவாகச் சொன்னான்: “சும்மா உட்கார்ந்திருந்தா அவங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும்ல. ஒரு வேலை குடுப்போம். பன்னெண்டுக்கு, ரெண்டுக்கு, நாலுக்கு. மீட்டரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லு. டீச்சர்தானே, கரெக்டா செய்வாங்க.”

“தேங்க்ஸ் எபி” என்றாள் ஜெரூஷா. அவள் மனதாரத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு வெகுநாள் அந்த இரண்டு சொற்கள் சாப்பிடும்போது வாயில் அகப்படும் கல்லைப்போல அகப்பட்டுக்கொண்டே இருந்தன.

ரோஸி டீச்சர் சந்தோஷமாகத்தான் வேலையை ஏற்றாள். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் வந்துபோன வெட்கம் தீர்ந்ததில் அவளுக்கு நிம்மதி. மீட்டர் போர்ட்டிகோவின் கூரை மறைக்காத ஓரத்தில் இருந்தது. மத்தியான வெயில் நேராக அதன்மேல் விழும். பெட்டியின் இரும்பு மூடியைத் தொட முடியாது. திரையில் வெளிச்சம் பட்டு எண் தெரியாது. ரோஸி முந்தானையைத் தலைக்கும் மீட்டருக்கும் சேர்த்துக் கூடாரம்போலப் பிடித்துக்கொண்டு, தேதி போய், நேரம் போய், வெளியே போன எண் வரும்வரை காத்திருப்பாள். கை நடுங்கிக் கலங்கிவிட்டால் இன்னொரு சுற்று. எபி உடனே எழுதுவான்: “கிளியரா இல்லை அத்தை. ஒன் மோர்.”

முதல் நாள் மாலை ஜெரூஷா திரும்பியபோது அம்மாவின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஃபேன் போட்டுக்கோம்மா. நான் அவர்கிட்ட சொல்லிக்கிறேன்.”

“வேணாம்மா. குடுத்த வார்த்தை. நிழல் நல்லாத்தான் இருக்கு.”

இரண்டாம் நாளும் ஜெரூஷா அதையே சொன்னாள். மூன்றாம் நாள் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். நான்காம் நாள் அம்மாவே வாசலுக்கு ஓடிவந்தாள். அவள் முகத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் களிப்பு.

“ஜெரூ, இன்னைக்கு வந்தது வந்தபடி முழுசும் போயிடுச்சு! பதிமூணுக்குப் பதிமூணு! மாப்பிள்ளை கை தட்டுற பொம்மை மூணு போட்டிருக்காரு பாரு. குரூப்லயும் போட்டுட்டாரு.”

“முழுசுமா? ஃப்ரிட்ஜ்?”

“நான் வந்ததும் பிளக்கைப் புடுங்கிடுவேன். போகும்போது மாட்டிடுவேன்.”

சமையலறையில் பால் திரிந்திருந்தது. மீன் குழம்பு புளித்து வாடை அடித்தது. மேசைமேல் அம்மாவின் பையில், டாக்டர் மூச்சுக்காகத் தினம் இருமுறை வைக்கச் சொன்ன நெபுலைசர் மூடி கழற்றாமல் இருந்தது. அதற்கும் ஒரு பிளக் உண்டு. “அதை ராத்திரி ரூமுக்குப் போய் வெச்சுக்கறேன்” என்றாள் ரோஸி. அதைச் சொல்வதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

ஜெரூஷா குரூப்பைத் திறந்தாள். மீட்டர் படத்துக்குக் கீழே எபி எழுதியிருந்தான்: “அத்தையின் சாதனை!!” நாசரேத் மாமியார் ‘கர்த்தருக்கு மகிமை’ என்று போட்டிருந்தாள். மச்சினன் ஒருவன் ‘அத்தையையும் கூரைமேல ஏத்தினா இன்னும் ரெண்டு யூனிட் வரும்’ என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே எல்லாரும் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். ரோஸியும் ஒன்று போட்டிருந்தாள்.

ஜெரூஷா அந்த மச்சினனுக்கு ஏதாவது எழுத நினைத்தாள். அப்போது எபி கூப்பிட்டான்.

அந்த வாரம் முழுக்க அவன் பேச்சு தேனாக இருந்தது. கேள்வி இல்லை. கழித்தல் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டான். அவள் கட்டியிருந்த புடவையின் நிறத்தைக் கேட்டான். “மழைக்காலத்துக்குள்ள உனக்கு ஃபேமிலி விசாவுக்குப் போடறேன். இங்கே வந்து ஏசியில குளிர்ல நடுங்கு” என்றான். கல்யாணமாகி இத்தனை நாளில் இப்படி ஒரு வாரம் அவளுக்குக் கிடைத்ததில்லை. போனை வைத்த பிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். இந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கவும் பழகிக்கொண்டாள்.

தாம்பரம் சானடோரியத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில், பக்கத்து நாற்காலி ஹேமாவதியிடம் பேச்சோடு பேச்சாக, பெயர் சொல்லாமல், தெரிந்த ஒரு வீட்டுக் கதைபோல இதைச் சொன்னாள்.

“பேனல் வெச்சுக்கினு பகல்ல ஃபேன் போடக் கூடாதா?” ஹேமாவதி டிபன் பாக்ஸைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். “இன்னாடி கூத்து இது! நம்ம கூரைல விளையறதை நம்ம துன்னாம எவனுக்கு அனுப்பறான் அந்தாளு? சூரியனை வாடகைக்கு விட்டுக்கிறானா?”

ஜெரூஷாவும் சிரித்தாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

எவனுக்கு அனுப்புகிறான் என்பதும் அவளுக்குத் தெரிந்ததுதான். பேனல் மாட்ட வந்தவர்கள் அன்றே சொன்னார்கள்: கரண்ட் ரொம்ப தூரம் போகாது மேடம், கம்பத்துல ஏறினதும் பக்கத்துல எந்த வீடு கேக்குதோ அங்கே இறங்கிடும். பக்கத்து வீடு தோத்தாத்ரி சாருடையது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அங்கே ஏசி ஓடும். அதன் வெளிப்பெட்டி இவர்கள் ஹால் ஜன்னலைப் பார்த்தபடி மாட்டப்பட்டிருந்தது.

சனிக்கிழமை ஜெரூஷாவுக்கு விடுமுறை. ரோஸி வழக்கம்போல வந்தாள். படியேறியதும் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹாலில் வெறுந்தரையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். மேகம் துளியும் இல்லை. காலையிலேயே எபியின் செய்தி வந்திருந்தது: “இன்னைக்குப் பதினாலு தொடும். ரெகார்ட். ரெண்டு பேரும் சேர்ந்து உடைங்க.”

இருவரும் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். மாடியில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. கம்பி வழியாக ஓசையில்லாமல் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஏசிப் பெட்டி உறுமி உறுமி, ஜன்னல் வழியாக வெப்பத்தை இவர்கள்மேல் ஊதியது. தங்கள் வெயில் அடுத்த வீட்டுக்குள் குளிராகப் போய், மீந்த சூடு மட்டும் முகவரி தப்பாமல் திரும்பி வருகிறது என்று ஜெரூஷா நினைத்தாள். நினைத்தாளே தவிர எழுந்து ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை. சாத்தினால் புழுக்கம் இன்னும் கூடும்.

பன்னிரண்டு மணிக்கு ரோஸி போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் எடுக்கறேன்மா.”

“நீ எடுத்தா அவர் நான் வரலைன்னு நினைப்பாரு.”

போனவள் திரும்ப நேரமாயிற்று. இரண்டு சுற்று தவறவிட்டிருப்பாள். வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உட்காரவில்லை, கால் மடங்கி அப்படியே இறங்கினாள். உதடு வெளுத்து ஊதா பாரித்திருந்தது. மார்பில் அந்தப் பழைய கதவு விடாமல் திறந்து திறந்து மூடியது. பையில் துழாவி இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். அது காலியாகிப் போன வெறும் சத்தத்தைக் கொடுத்தது.

ஜெரூஷா எழுந்தாள். ஸ்விட்ச் போர்டு அவள் தோளருகில் இருந்தது. மூன்றாவது ஸ்விட்ச் ஃபேன். கையைத் தூக்கினால் போதும். கையைத் தூக்கவும் தூக்கினாள். ஒரு ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றினால் எவ்வளவு போகும்? ஒன்றுமே போகாது. ஆனால் சாயங்காலம் எண்கள் ஒன்றாக வராது. எங்கே போச்சு என்று அந்தக் குரல் கேட்கும். தேன் வற்றி, பழைய நிதானம் வந்துவிடும். நாசரேத் வந்துவிடும். அவள் விரல் ஸ்விட்சின் விளிம்பைத் தொட்டது. சூட்டில் பிளாஸ்டிக் இளகியதுபோல இருந்தது.

“போடாதே” என்றாள் ரோஸி கீழேயிருந்து. “ரெகார்டுன்னு சொல்லியிருக்காரே. கேக்காம போட்டா மனசு கஷ்டப்படுவாரு. நான் கேட்டுக்கறேன். அதுல பேசி அனுப்புறது எப்படி? எழுத... கண்ணு தெரியலை.”

ஜெரூஷா கையை ஸ்விட்சிலிருந்து எடுத்தாள். அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டு, போனை வாங்கி, எபியின் பெயரைத் திறந்து கொடுத்தாள். சற்று முன் அனுப்பிய மீட்டர் படத்துக்குக் கீழே கை தட்டும் பொம்மை ஒன்று ஏற்கெனவே வந்திருந்தது.

“இந்த மைக்கை அழுத்திப் பிடிச்சுக்கோம்மா. பேசி முடிக்கிறவரைக்கும் விரலை எடுக்காதே” என்றாள். அம்மாவின் ஈரமான கட்டைவிரலைத் தானே எடுத்து அதன்மேல் வைத்தாள்.

ரோஸி தொண்டையைச் செருமிக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“மாப்பிள்ளை, ஸ்தோத்திரம். அத்தை பேசறேன். பன்னெண்டு மணி ரீடிங் கிளியரா இருக்கா? இன்னைக்கு வெயில்... நல்லா அடிக்குது, தேவ கிருபை. ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. ஃபேனை ஒண்ணுல வெச்சு, கொஞ்ச நேரம்... கொஞ்ச நேரம் மட்டும் போட்டுக்கட்டுமா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நான் வர மாட்டேன். நாளைக்கு நிழல்ல கழிச்சுக்குங்க. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாப்பிள்ளை.”